விஎஸ் கோட்: நாலு வருடம் ஓட்டியாச்சு, அந்த 'இஎன்' மட்டும் இன்னும் உறுத்துகிறது

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். வெப் பேஜ் எழுதிப் பழக ஆசைப்படுகிறான். பள்ளிக்கூடத்தில் உபுண்டு வழியில் வந்த, கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ், வீட்டில் விண்டோஸ் 10, ரேம் 4 ஜிபி. கோட் எழுத எந்த எடிட்டர் போட்டுக் கொடுக்கலாம்?

மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோட் எடிட்டர் இலவசம், இரண்டு சிஸ்டத்திலும் ஓடும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேராக உறுத்தலுக்கு வருகிறேன்.

புது ஃபைலை எச்டிஎம்எல் என்று சேவ் செய்து, ஓர் ஆச்சரியக்குறி போட்டு டேப் தட்டினால் பக்கத்தின் எலும்புக்கூடு முழுக்க வந்து நிற்கும். சுருக்கமாகத் தட்டியதை முழுக் கோடாக விரித்துத் தரும் எம்மெட் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது, அது செய்யும் வேலை. இது எச்டிஎம்எல் பக்கம் என்று சொல்லும் டாக்டைப், எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8, மொபைலுக்கான வியூபோர்ட் வரி எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் இரண்டாவது வரியில், எச்டிஎம்எல் டேக்குக்குள் லேங் (lang) என்ற இடத்தில் 'இஎன்' (en) என்று எழுதியிருக்கும். இந்தப் பக்கம் ஆங்கிலம் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி அது. அதற்குக் கீழே பையன் முழுக்கத் தமிழில் எழுதுவான். பக்கம் பார்க்க நன்றாகத்தான் தெரியும், எந்த எர்ரரும் வராது. வராததால்தான் அந்தப் பிழை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. கூடவே டைட்டிலில் 'டாக்குமென்ட்' என்ற சொல்லும் மாற்றப்படாமல் கிடக்கும்.

கண் தெரியாத ஒருவர், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடரில் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதுதான் பிழை வெளியே வரும். எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்பதை என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் இந்த லேங் வரியைப் பார்த்துத்தான் மாற்றிக்கொள்கின்றன. இஎன் என்றிருந்தால் ஆங்கிலக் குரலே தமிழை வாசிக்க முனையும். குரலைப் பொறுத்து எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லலாம், ஒன்றுமே சொல்லாமல் தாண்டியும் போகலாம். ஃபயர்ஃபாக்ஸ் எழுத்துப்பிழை பார்க்கும் அகராதியைத் தேர்வதும் இதே வரியை வைத்துத்தான். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வகுத்த டபிள்யூசிஏஜி விதிகளில் பக்கத்தின் மொழியைச் சொல்வது முதல் நிலையான 'ஏ' நிலையிலேயே இருக்கிறது. அது கூடுதல் மெருகு அல்ல, அடிப்படை.

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இன்னொரு தவறும் வரும். இஎன்னை மாற்றச் சொன்னால் 'டிஎன்' என்று போடுவார்கள். மலையாளப் பத்திக்கு 'கேஎல்'. தினமும் கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாகப் போகும் வண்டி நம்பரைப் பார்க்கிற கண்ணுக்கு அதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் மொழிக் குறியீட்டில் டிஎன் என்பது போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பேசும் ஸ்வானா மொழி. கேஎல் என்பது கிரீன்லாந்து மொழி. தமிழுக்கு 'டிஏ' (ta), மலையாளத்துக்கு 'எம்எல்' (ml). மாநிலத்தைச் சொல்லத் தேவையே இல்லை. கேரளத்தில் எழுதினாலும் தமிழ் டிஏதான். தமிழ்ப் பக்கத்துக்கு நடுவில் மலையாளப் பத்தி ஒன்று வந்தால், அந்தப் பத்தியின் டேக்கில் மட்டும் தனியாக எம்எல் என்று ஒரு லேங் கொடுத்தால் போதும்.

இதை ஒரே தடவையில் சரிசெய்து வைக்கலாம். கன்ட்ரோலும் கமாவும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் வரும். தேடும் கட்டத்தில் 'எம்மெட் வேரியபிள்ஸ்' என்று தட்டி, புது வரி சேர்த்து, பெயருக்கு லேங், மதிப்புக்கு டிஏ கொடுங்கள். அதன் பிறகு வரும் எலும்புக்கூடு எல்லாவற்றிலும் லேங் டிஏ என்றே வரும். ஏற்கெனவே எழுதிய பக்கங்களைக் கையால்தான் மாற்ற வேண்டும். பலர் உட்காரும் கம்ப்யூட்டர் என்றால் யூசர் செட்டிங்கில் போடாமல் வொர்க்ஸ்பேஸ் செட்டிங்கில் போடுங்கள். ஃபோல்டரோடு ஒட்டிக்கொண்டு வரும்.

நியாயமாகப் பார்த்தால் அரை நிமிட வேலை இது. ஆனால் முதல் நாள் உட்காருகிற பிள்ளைக்கு அப்படி ஒரு செட்டிங் இருப்பதே தெரியாது. தெரிந்தவருக்குத் தேவையே இல்லாத வசதியைத் தெரியாதவருக்கு ஒளித்து வைத்தது மாதிரிதான் இது. என் கோபம் அங்கேதான்.

மற்றபடி இந்த எடிட்டரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது கொடுக்கும் பெரிய நிம்மதி, புது ஃபைல் எதையும் வழக்கமாக யூடிஎஃப்-8இல்தான் சேவ் செய்யும் என்பது. 2019க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேட், வழக்கமாக ஆன்சி என்ற பழைய முறையில் சேவ் செய்யும். தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி அட்டவணை என்று ஒன்று கிடையவே கிடையாது. அதனால் ஆன்சியில் சேவ் ஆனால் எழுதியதெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். மூடிவிட்டால் மீட்கவும் முடியாது. விஎஸ் கோட்டில் எந்த என்கோடிங், அதாவது எழுத்தைச் சேமிக்கும் முறை எது என்பது வலது கீழ் மூலையில் எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். இணையத்திலிருந்து காப்பியடித்த வரியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருந்தால் அதைக் கட்டம் கட்டிக் காட்டும். இதற்காகவே இதை வைத்திருக்கலாம். விண்டோஸில் ஷிஃப்ட், ஆல்ட், எஃப் மூன்றையும் அழுத்தினால் கோணல்மாணலான டேக்குகள் எல்லாம் ஒழுங்காக உள்தள்ளி நிற்கும். எந்த டேக்கை மூடாமல் விட்டோம் என்பது அப்போதே கண்ணில் படும்.

லைவ் சர்வர் என்ற எக்ஸ்டென்ஷனை (எடிட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் வசதி) போட்டால் சேவ் செய்தவுடன் பிரவுசர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேலை செய்யவில்லை என்றால் மூன்று காரணம் பாருங்கள். ஒன்று, ஆட்டோ சேவ் முதலில் அணைத்தே வரும். டேபின் ஓரத்தில் புள்ளி இருந்தால் இன்னும் சேவ் ஆகவில்லை. இரண்டு, ஃபைலை மட்டும் திறந்திருப்பார்கள். ஃபோல்டரைத் திறக்க வேண்டும். மூன்று, பக்கத்தில் பாடி, ஹெட் டேக் எதுவுமே இல்லையென்றால் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டைச் செருக அதற்கு இடம் கிடைக்காது.

லைவ் சர்வரில் மறைந்துபோகும் பிழை ஒன்றும் உண்டு. படத்தின் பாதை சாய்கோட்டில் தொடங்கினால் லைவ் சர்வரில் படம் தெரியும். அதே பக்கத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய் டபுள் கிளிக் செய்து திறந்தால் தெரியாது. அந்த முதல் சாய்கோட்டை எடுத்துவிடுங்கள். வீட்டில் தெரிந்த படம் பள்ளியில் தெரியாமல் போக இன்னொரு காரணம், சின்ன எழுத்து பெரிய எழுத்து வேறுபாடு. உதாரணமாக, சித்தூர் ஊரைப் பற்றிய பக்கத்துக்கு லிங்க் கொடுக்கும்போது பெயரைச் சின்ன எழுத்தில் எழுதி, ஃபைலைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் அதை வேறு ஃபைல் என்றே நினைக்கும். கேமராவிலிருந்து வரும் படங்களின் பெயரில் கடைசி மூன்று எழுத்தும் பெரிய எழுத்தாக இருப்பது இதில் அடிக்கடி சிக்கும். எல்லாப் பெயரையும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தாலும் ஓடும். ஆனால் 'தமிழ்' என்ற ஒரு சொல் யூடிஎஃப்-8இல் 15 பைட். லிங்க்காகக் காப்பியடித்து வேறு இடத்தில் ஒட்டினால் சதவீதக் குறிகளோடு 45 எழுத்தாக நீளும்.

தமிழ் வரிகள் நெருக்கமாகத் தெரிந்தால் எழுத்துருப் பட்டியலில் கன்சோலாஸுக்கு அடுத்து நிர்மலா யூஐ சேர்த்து, வரி உயரத்தை 1.8 ஆக்குங்கள். மலையாளக் கூட்டெழுத்துக்கும் அது உதவும்.

4 ஜிபி ரேம்தான் யோசிக்க வைக்கிறது. விஎஸ் கோட் எலெக்ட்ரானில் கட்டியது, அதாவது உள்ளுக்குள் ஒரு குரோமே ஓடுகிறது. பக்கத்தில் நிஜக் குரோமும் பத்து டேபும் திறந்தால் கம்ப்யூட்டர் திணறும். எக்ஸ்டென்ஷன் இரண்டுக்கு மேல் போட வேண்டாம். விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் யாரிடமாவது இருந்தால் 1.70க்கு மேல் எந்தப் பதிப்பும் ஏறாது. 32 பிட் விண்டோஸுக்கு 1.83தான் கடைசி.

வேறு எடிட்டர் என்றால், நோட்பேட் பிளஸ் பிளஸ் மிக லேசு, ஆனால் விண்டோஸுக்கு மட்டும். என்கோடிங் மெனுவில் 'யூடிஎஃப்-8' என்றும் 'கன்வெர்ட் டு யூடிஎஃப்-8' என்றும் இரண்டு இருக்கும். முதலாவது இருக்கும் பைட்டுகளை வேறு மாதிரி படிக்கும், இரண்டாவதுதான் மாற்றி எழுதும். இது தெரியாமல் முதலாவதை அழுத்தினால் எழுத்துகள் குழம்பும். பிராக்கெட்ஸ், ஆட்டம் என்ற எடிட்டர்கள் இரண்டையும் பழைய வீடியோ பார்த்து இறக்க வேண்டாம். பிராக்கெட்ஸுக்கான ஆதரவை அடோபி 2021இலேயே நிறுத்திவிட்டது, ஆட்டம் 2022 டிசம்பரில் மூடப்பட்டது.

மார்க் போடச் சொன்னால் விஎஸ் கோட்டுக்குப் பத்துக்கு ஒன்பது போடுவேன். ஆனாலும் உங்கள் பையனுக்கு இப்போது அது வேண்டாம். ஜீனி என்ற எடிட்டரைப் போட்டுக் கொடுங்கள். உபுண்டுவிலும் விண்டோஸிலும் ஓடும், 4 ஜிபியில் மூச்சு வாங்காது, புது ஃபைலை யூடிஎஃப்-8இலேயே தொடங்கும். டெம்ப்ளேட் வழியாகத் திறக்காமல் வெறும் ஃபைலாகத் திறக்கச் சொல்லுங்கள். டாக்டைப்பிலிருந்து கடைசி டேக் வரை அவன் கையாலேயே தட்டட்டும். லேங் என்று தட்டி நிற்கும்போது அங்கே என்ன மொழி போடுவது என்று அவனே யோசித்து டிஏ என்று எழுதுவான். இருபது பக்கம் அப்படி எழுதி முடித்த பிறகு விஎஸ் கோட்டைப் போடுங்கள். முதல் ஃபைலைத் திறக்கும் முன்னால் அந்த எம்மெட் செட்டிங்கை மாற்றிவிடுங்கள்.