தமக்குள்ளேயே வாதாடும் மூன்று படங்கள்: ஸ்டார் வார்ஸின் இறுதி முத்தொகுதி

ஒன்பது படங்கள் கொண்ட ஸ்டார் வார்ஸ் வரிசையின் கடைசி மூன்று படங்களை, அவை வெளிவந்த நாட்களின் கூச்சல் பெருமளவு அடங்கிவிட்ட இந்த நேரத்தில் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஒன்று தெளிவாகப் புலப்படும். ரசிகர்கள் இரு அணியாகப் பிரிவதற்கு முன்பே, படமெடுத்தவர்கள் திரையிலேயே ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 2015-இல் வந்த 'த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' எழுப்பிய கேள்விகளை 2017-இன் 'த லாஸ்ட் ஜெடை' தூக்கி எறிகிறது. எறியப்பட்டவற்றை 2019-இன் 'த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' பொறுக்கியெடுத்து, தூசு தட்டி, பழைய இடத்திலேயே வைக்கப் பார்க்கிறது. முதலாவதையும் மூன்றாவதையும் இயக்கியவர் ஜே. ஜே. ஏப்ரம்ஸ், நடுப்படத்தை எழுதி இயக்கியவர் ரையன் ஜான்சன். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இந்தச் சண்டையைப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மனத்தாங்கல் 2017-இல் தொடங்கியதாகப் பலரும் சொல்கிறார்கள். அது சரியன்று. 1977, 1980, 1983 ஆண்டுகளில் வந்த மூலப் படங்களுக்குப் பிறகு அவற்றின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் என்ன ஆனார் என்பதற்கு நாவல்கள் நெடுங்காலமாக ஒரு விடை சொல்லிவந்தன. அவற்றில் அவர் மாரா ஜேடை மணந்தார், ஜெடை எனப்படும் மாயசக்தி வீரர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அவருடைய நண்பர் ஹான் சோலோவுக்கும் சகோதரி லியாவுக்கும் இரட்டைக் குழந்தைகளும் மேலும் ஒரு மகனும் பிறந்தனர். ஸ்டார் வார்ஸைப் படைத்த ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தை 2012-இல் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய டிஸ்னி, 2014 ஏப்ரலில் அந்த நாவல்களை 'லெஜன்ட்ஸ்' என்ற பெயரில் ஒதுக்கிவைத்தது. லூகாஸே எழுதிக் கொடுத்திருந்த கதைச் சுருக்கங்களும் பயன்படுத்தப்படவில்லை. ஆகவே முதல் காட்சி திரையிடப்படும் முன்பே ஒரு கூட்டம் முகம் சுளித்துத்தான் அமர்ந்திருந்தது.

'த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' அந்தச் சுளிப்பைத் தந்திரமாகக் கையாண்ட படம். பாலைவனக் கோளில் ஓர் அநாதை, ரகசியத்தைச் சுமக்கும் ஒரு ரோபோ, வேற்றுலகவாசிகள் நிறைந்த மதுக்கூடம், கோள்களைப் பொசுக்கும் பேராயுதம், இடையில் உயிரிழக்கும் முதியவர் என்று 1977-இன் எலும்புக்கூட்டின் மீதே புதிய சதையைப் போர்த்தியிருக்கிறது. நகல் என்ற குற்றச்சாட்டை மறுக்க வழியில்லை. ஆனால் அந்தப் புதிய சதையில் உயிர் இருந்தது. டெய்ஸி ரிட்லியின் ரே, தந்தை ஹான் சோலோவைக் கொன்ற பிறகும் அமைதி கிடைக்காமல் நடுங்கும் ஆடம் டிரைவரின் கைலோ ரென், சுட மறுத்துப் படையை விட்டு ஓடும் சிப்பாயாக ஜான் பொயேகாவின் ஃபின் ஆகிய மூவரும் முதல் அரை மணி நேரத்திலேயே மனத்தில் பதிந்துவிடுகிறார்கள். உலக அளவில் 200 கோடி டாலரைத் தாண்டி வசூலித்த இந்தப் படம், ரேயின் பெற்றோர் யார், கைலோவின் எசமானரான ஸ்னோக் என்பவர் யார், லூக் ஏன் ஒளிந்துகொண்டார் என்ற மூன்று கேள்விகளோடு முடிந்தது. தீவின் உச்சியில் ரே நீட்டிய லைட்சேபர் என்ற ஒளிவாளைப் பார்த்தபடி லூக் பேசாமல் நிற்கிறார்.

அதை வாங்கித் தோளுக்குப் பின்னால் வீசிவிடுகிறார் என்று அடுத்த படத்தில் அந்தக் காட்சியைத் தொடர்ந்தார் ஜான்சன். இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது சிரிப்பை வரவழைத்தது. மீதிப் பேர் அந்த நொடியிலேயே மனம் விட்டுப் போனார்கள். அதன் பிறகு ரேயின் பெற்றோர் குடிக்கக் காசு வேண்டிக் குழந்தையை விற்ற, ஊர் பேர் தெரியாதவர்கள் என்கிறது படம். ஸ்னோக், யாரென்று சொல்லப்படாமலேயே இரண்டு துண்டாகிறார். இவற்றைவிட ஆழமாகக் காயப்படுத்தியது, உறங்கும் தன் சகோதரி மகன் கைலோவின் மனத்தில் இருளைக் கண்ட லூக் ஒரு கணம் அவன் மீது லைட்சேபரை ஏந்திய காட்சி. கொடியவராக மாறிய தந்தை டார்த் வேடரிடமே நன்மை எஞ்சியிருக்கிறது என்று நம்பி 1983-இல் ஆயுதத்தை எறிந்த ஒருவர், தவறேதும் செய்யாத ஒரு பையனிடம் அதை ஓங்குவாரா என்று கேட்பவர்களை வெறும் பழமைவாதிகள் என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கேள்விக்குப் படம் கொடுக்கும் இடம் போதாது. லூக்காக நடித்த மார்க் ஹாமிலே இந்தப் போக்கில் தமக்கு உடன்பாடில்லை என்று இயக்குநரிடம் சொன்னவர்தான். ஆனால் மூன்று படங்களிலும் ஆகச் சிறந்த நடிப்பு அவர் இதில் தந்திருப்பதே.

என் கணக்கில் இந்தப் படம் அந்தக் கடனைக் கடைசி அரை மணி நேரத்தில் அடைத்துவிடுகிறது. வெண்ணிற உப்புப் பரப்பின் அடியில் செந்நிறம் ஒளிந்திருக்கும் கிரெய்ட் கோளில், ஒரு படை முழுவதற்கும் எதிராகத் தனியாக வந்து நிற்கும் லூக், உண்மையில் அங்கே இல்லவே இல்லை. தன் உருவத்தை மட்டும் அனுப்பி, ஒருவரையும் கொல்லாமல், தன்னவர்களைத் தப்பவிட்டு உயிர் துறக்கிறார். ஆயுதத்தை எறிந்த அந்த இளைஞனின் முதுமைக்கு இதைவிடப் பொருத்தமான முடிவை நாவல்களிலும் நான் கண்டதில்லை. லாரா டெர்னின் ஹோல்டோ தன் கப்பலையே எதிரிக் கப்பலுக்குள் ஒளிவேகத்தில் செலுத்தும்போது ஒலி முழுவதும் நின்றுபோகும் சில நொடிகளும் மறக்க முடியாதவை. அமெரிக்காவில் சில திரையரங்குகள், அது இயந்திரக் கோளாறன்று என்று அறிவிப்பு ஒட்டவேண்டியிருந்தது. சூதாட்ட நகரப் பகுதி நீளம். கத்தரித்திருந்தால் எவருக்கும் இழப்பில்லை.

பிளவு எவ்வளவு ஆழமானது என்பதுகூட எங்கே அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 'த லாஸ்ட் ஜெடை'யைப் பாராட்ட, பார்வையாளர் மதிப்பீடு நாற்பதை ஒட்டியே நின்றது. அரங்கை விட்டு வெளியே வருவோரிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்திலோ அதே படத்துக்கு 'ஏ' கிடைத்தது. மூன்றாம் படத்தில் இது தலைகீழானது: விமர்சகர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கைவிட, தளத்துப் பார்வையாளர்கள் எண்பதுக்கு மேல் கொடுத்தார்கள், சினிமாஸ்கோர் 'பி பிளஸ்' என்று இறங்கியது. ஒரு படத்தைப் பிடிக்கவில்லை என்பது வேறு, நடிகையைத் துரத்துவது வேறு. ரோஸ் டிகோவாக நடித்த கெல்லி மேரி டிரான், இனவெறியும் பெண் வெறுப்பும் கலந்த வசைகளுக்குப் பின் 2018-இல் தமது இன்ஸ்டாகிராம் பதிவுகளை நீக்கவேண்டி வந்தது. அதை விமர்சனக் கணக்கில் சேர்க்க முடியாது.

'த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' அந்த வசைக்கு அஞ்சி எடுக்கப்பட்டதா என்பதை எடுத்தவர்களே அறிவார்கள். படம் அப்படித்தான் தோற்றமளிக்கிறது. முந்தைய படத்தில் கைலோ உடைத்த தலைக்கவசம் மீண்டும் ஒட்டவைக்கப்படுகிறது. பெயரில்லாதவர்களின் மகளாக இருந்த ரே, மூலப் படங்களின் வில்லனான பேரரசர் பால்பட்டீனின் பேத்தியாகிறாள். ரே தீயில் எறியும் லைட்சேபரை, ஆவியாக வரும் லூக் எட்டிப் பிடித்து, ஜெடையின் ஆயுதத்துக்கு மரியாதை வேண்டும் என்கிறார். ரேயிடம் பேசுவதைவிட ஜான்சனிடம் பேசுவது போலவே அது கேட்கிறது. ரோஸ் டிகோ இரண்டு நிமிடம்கூட வருவதில்லை. 1983-இல் மடிந்த பால்பட்டீன் எப்படித் திரும்பினார் என்பதற்கு, எப்படியோ திரும்பிவிட்டார் என்ற அளவிலான ஒரு வசனமே விளக்கம். அவர் விடுத்த மிரட்டல் அறிவிப்பை முழுதாகக் கேட்க ஃபோர்ட்நைட் என்ற வீடியோ கேமுக்குப் போகவேண்டியிருந்தது. இடர்ப்பாடுகளும் உண்மையே. கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் காலமானதால் லியாவின் காட்சிகளை முன்பே எடுத்து எஞ்சியிருந்த துண்டுகளிலிருந்து கோக்கவேண்டி வந்தது. முதலில் அமர்த்தப்பட்ட இயக்குநர் காலின் டிரெவாரோ 2017 செப்டம்பரில் விலக, அவசரத்தில் ஏப்ரம்ஸ் அழைக்கப்பட்டார்.

முன்கூட்டியே முழுத் திட்டம் வகுக்காததே எல்லாவற்றுக்கும் காரணம் என்று இரு அணியினரும் ஒருமிக்கச் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மூல முத்தொகுதிக்கும் அப்படியொரு திட்டம் இருக்கவில்லை. 1978-இல் லீ பிராக்கெட் எழுதிய இரண்டாம் படத்தின் முதல் வரைவில் வேடர் லூக்கின் தந்தையே அல்லர். ஆனாலும் அங்கே ஒவ்வொரு படமும் முந்தையதை ஏற்றுக்கொண்டு அதன் மேல் கட்டியது. இங்கோ ஒருவர் வைத்த புள்ளிகளை அழித்துவிட்டு அடுத்தவர் அதே வாசலில் வேறு கோலம் போட்டார். 200 கோடிக்கு மேல் தொடங்கிய வசூல் சுமார் 133 கோடி, 107 கோடி டாலர் என்று இறங்கியதும் அதே வரிசையில்தான்.

புதிதாகப் பார்க்க விரும்புவோர் மூலப் படங்களை முடித்த கையோடு ஏழாவதையும் எட்டாவதையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்கலாம். எட்டாவதைக் கிடைப்பதிலேயே பெரிய திரையில், நல்ல ஒலியமைப்போடு பார்ப்பது நலம். ஒன்பதாவதுக்கு முன் சில வாரங்கள் இடைவெளி விடுங்கள். எட்டாவதன் விவரங்கள் சற்று மங்கியிருந்தால்தான் அது உறுத்தாமல் போகும். ஒன்பது படங்களுக்கும் இசையமைத்த ஜான் வில்லியம்ஸ் அதிலும் குறை வைக்கவில்லை என்பதால், ஒலியைமட்டும் குறைக்கவேண்டாம்.