பழைய டிரெய்லர் வீட்டை இடிக்கக் குளிர்காலத்தில் ஆள் பேசுகிறீர்களா? பாதி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

அமெரிக்கக் கிராமப்புறத்தில் ஒரு நிலம். அதில் 1972-இல் செய்த, 14 அடிக்கு 70 அடி டிரெய்லர் வீடு, அதாவது தொழிற்சாலையில் கட்டிச் சக்கரத்தில் இழுத்துவந்து நிறுத்தும் வீடு. இடித்து அள்ளிக்கொண்டு போக 6,000 டாலர் பேச்சு, பாதி முன்பணம். டிசம்பரில் நான்கு நாள் வேலை நடந்தது. அதோடு ஆள் வருவது நின்றது. "தரை உறைந்து கிடக்கிறது, பனி விடட்டும்" என்றார் ஒப்பந்தக்காரர். அப்புறம் போனையே எடுக்கவில்லை. பெயர் இங்கே வேண்டாம். இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதே வழியில்தான் வருகிறார்கள் என்பதால், நடந்த விதம் தெரிந்தால் போதும்.

அந்த நான்கு நாளில் எது போயிற்று என்று பாருங்கள். வெளிச்சுவர் அலுமினியத் தகடு, சுவருக்குள் ஓடிய செம்புக் கம்பி, தண்ணீர் ஹீட்டரின் செம்புக் குழாய், அடியில் கிடந்த சக்கர அச்சுகள். எல்லாம் பழைய இரும்புக் கடையில் உடனே காசாகிறவை. மிஞ்சியது? நனைந்து பாரமேறிய கண்ணாடியிழைப் பஞ்சு, ஊறி உப்பிய பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) தரை, பசையும் ஸ்டேப்பிளும் போட்டு ஒட்டிய பேனல்கள், கூரை, கீழே இரும்பு ஃபிரேம். டன் கணக்கில் காசு கொடுத்துக் குப்பைக் கிடங்கில் கொட்ட வேண்டியதெல்லாம் நிலத்துக்காரர் தலையில். ஃபிரேமுக்கும் விலை உண்டுதான். ஆனால் அதை வெளியே எடுக்க மேலே உள்ள அத்தனையையும் அள்ளி, கேஸ் கட்டரால் துண்டு போட வேண்டும். அவ்வளவு சிரமத்துக்கு இந்த மாதிரி ஆட்கள் நிற்பதில்லை.

தகட்டை முதலில் உரித்தது திருட்டு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அந்தக் காலத்து டிரெய்லரின் சுவர்க் கட்டைகள் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு அல்லது இரண்டுக்கு மூன்று அங்குலம். சுவர் சாயாமல் இழுத்துப் பிடிப்பதில் அந்தத் தகட்டுக்கும் பெரும் பங்கு. அதை உருவிவிட்டுக் கூரைப் பனியை அப்படியே விட்டால் நெடுஞ்சுவர் வெளிப்பக்கம் தள்ளும். இங்கேயும் தள்ளியது. உள்ளே போய் வேலை செய்ய இனி எவரும் துணியமாட்டார்கள். சரியான வரிசை இது: கூரைப் பனியைத் தள்ளு, உள்ளே காலி செய், கூரைத் தகடு, பிறகு ஒரு முனையிலிருந்து சுவர். குறுக்குச் சுவர்களை அந்தந்தப் பகுதி இறங்கும் வரை தொடக் கூடாது.

அடிப்பக்கத்தைச் சுற்றி மறைத்திருந்த தகடுகளையும் முதல் நாளே கழற்றிவிட்டார்கள். குளிர்காற்று நேரே உள்ளே புகுந்து, தரையிலிருந்து மேலேறும் தண்ணீர்க் குழாய் உறைந்து நீளவாக்கில் பிளந்தது. தண்ணீரைக் கிணற்றடியிலோ, உறைபனி எட்டாத ஆழத்திலுள்ள வால்விலோ அடைத்து, குழாயை வடித்துவிட்டுத்தான் அந்தத் தகட்டில் கை வைக்க வேண்டும். மீட்டரை மின்நிறுவனம் கழற்ற வேண்டும். புரோப்பேன் டேங்க் அநேகமாக எரிவாயு நிறுவனத்தின் சொத்து, அவர்களே வந்து எடுப்பார்கள். செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று பனி விழும் முன்பே கொடி நட்டு வையுங்கள். லாரிச் சக்கரத்துக்கு அது தெரியாது. ஃபிரிட்ஜின் பின்னால் செம்புக் குழாயை நறுக்கி எடுத்திருந்தார்கள். குளிரூட்டும் வாயுவை இப்படிக் காற்றில் விடுவது அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

"தரை உறைந்திருக்கிறது" என்பது வெறும் சாக்கு. உறைந்த தரைதான் லாரிக்கு நல்லது. மதிய வெயிலில் மேல் இரண்டு அங்குலம் சேறாகும்போதுதான் சிக்கல். அதனால் டம்ப்ஸ்டரை (குப்பை நிரப்பி லாரியில் ஏற்றிப் போகும் பெரிய இரும்புத் தொட்டி) எடுக்க லாரி விடியற்காலையில் வரட்டும். டம்ப்ஸ்டரைப் பலகை மேல் வையுங்கள், இல்லாவிட்டால் தரையோடு ஒட்டி உறைந்துவிடும். தார்ப்பாய் போட்டு மூடுவது அதைவிட முக்கியம். 22 அடிக்கு 8 அடி டம்ப்ஸ்டரில் ஓர் அடி அமுங்கிய பனி ஒரு டன்னைத் தாண்டும். அந்தப் பனிக்கும் எடைக்காசு கட்டுவீர்கள். நனைந்த குப்பை உள்ளேயே உறைந்து, கிடங்கில் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. இந்த அளவு வீட்டுக்கு 40 கன கெஜ டம்ப்ஸ்டர் இரண்டு நிச்சயம். ஒன்றே போதும் என்று சொல்கிறவர் மிச்சத்தை எரிக்கவோ எங்காவது ஓடையில் தள்ளவோ நினைக்கிறார். எரித்தால் அபராதம் நிலத்துக்காரருக்கும் வரலாம்.

1972 வீடு என்றால் வினைல் தரையின் அடித்தாளிலும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைச் சுற்றிய அட்டையிலும் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்க வாய்ப்புண்டு. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் சோதனைச் சீட்டு கேட்கும் கிடங்குகள் இருக்கின்றன, இல்லையென்றால் லோடைத் திருப்பிவிடுவார்கள். உடைக்கும் முன் மாதிரி எடுத்துவிட வேண்டும். உடைத்துக் கலந்த பிறகு மொத்தக் குவியலும் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: முதல் டம்ப்ஸ்டர் வந்து இறங்கியதும் ஒரு சிறு தொகை, அதற்கு முன் ஒரு காசும் இல்லை. அடுத்தது ஒவ்வொரு லோடுக்கும் கிடங்கின் எடைச்சீட்டைக் காட்டினால். மூன்றில் ஒரு பங்கு, ஃபிரேம் வாசலைத் தாண்டிய பிறகு. பழைய உலோகம் யாருக்கு என்பதை எழுத்தில் வையுங்கள்: அவருக்கென்றால் கூலி குறைய வேண்டும், கடைசி லோடு போகும்வரை தகடும் கம்பியும் நிலத்திலேயே கிடக்க வேண்டும். காப்பீட்டுச் சான்றை அவர் கையிலிருந்து வாங்காமல் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஃபிரேமை வெட்டும் முன் அதன் முன்பக்கத்தில், இழுவைக் கொக்கி அருகே, வரிசை எண் பொறித்திருக்கிறதா என்று தேடிப் படம் எடுங்கள். 1976 ஜூன் 15-க்கு முந்தைய வீடுகளில் ஹட் (அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதித் துறை) ஒட்டச் சொல்லும் சிவப்புத் தகடு இருக்காது, அதனால் இந்த எண்தான் ஆதாரம். உரிமைப் பத்திரத்தை ரத்து செய்யவும், கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) வரிப் பட்டியலிலிருந்து வீட்டை நீக்கவும் அதைத்தான் கேட்பார்கள். அந்த இரும்பும் கடைக்குப் போய்விட்டால், இல்லாத வீட்டுக்கு அடுத்த வருடமும் வரிச்சீட்டு வரலாம்.