வெர்சோவா மணலா, தாராவி மாடியா?

மும்பைக்கு வேலைக்கு வந்த நம்ம பசங்க, "லீவு நாள்ல உருப்படியா ஏதாவது செய்யணும்ணே" என்று கேட்டால் இரண்டு வழி சொல்வேன்.

வெர்சோவா கடற்கரையில் குப்பை அள்ளுவது சுலபம். கையுறை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015-இல் தொடங்கிய வேலை. குப்பை குறைந்த பிறகு, 2018-இல் அங்கே ஆலிவ் ரிட்லி கடலாமைக் குஞ்சுகள் கடலுக்குள் இறங்கின. ஒரு வாரம் போகாவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள்.

தாராவியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது அப்படியில்லை. இரும்பு ஏணியில் ஏறிப் போகிற மாடி அறை. மின்விசிறி காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் தரும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். ஒரு சின்னப் பெண் பின்னக் கணக்கைத் தமிழில் முணுமுணுத்து, இந்தியில் கூட்டி, ஆங்கிலத்தில் எழுதினாள். விடை சரி! அவளுக்குக் கணக்கு வரும். கேள்வியின் மொழிதான் புரிவதில்லை. அதை உடைத்துச் சொல்ல, தமிழ் தெரிந்த நம்மால் முடியும்.

ஆனால் ஒரு வாரம் மட்டம் போட்டேன். அடுத்த வாரம் வாசலிலேயே, "ஏண்ணா வரல?" பதில் சொல்ல முடியவில்லை.

என் ஓட்டு தாராவிக்கே. வாராவாரம் முடியாதவர்கள் வெர்சோவா போகட்டும், அதுவும் மழைக்காலத்தில். கடல் குப்பையைத் திரும்பக் கக்குவது அப்போதுதான்.