தொழில் வெற்றி சொல்லித்தருபவரிடம் 1,77,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: சிறு யூனிட் நடத்துவோர் கவனத்துக்கு

திருப்பூரில் 14 தையல் மெஷின்களோடு ஜாப் ஒர்க் யூனிட், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். தொழிலில் வெற்றி பெறுவது எப்படி என்று புத்தகம் எழுதி, அந்தப் புத்தகத்தைக் காட்டியே பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்க்கும் ஒருவரிடம் 2023-இல் ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 1,77,000 ரூபாய் கட்டினேன். அவருடைய அறிவுரையை நம்பி அதற்கு மேலும் 2,30,000 ரூபாயைச் சரக்கில் முடக்கினேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதாலும், இதே முறையில் பணம் பார்ப்பவர்கள் அவரைத் தவிர இன்னும் பலர் இருப்பதாலும், அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் எனக்கு மிகவும் கெட்ட வருடம். மூன்று எக்ஸ்போர்ட் கம்பெனிகளிடமிருந்து 6,40,000 ரூபாய் வரவேண்டியிருந்தது. 120 நாள் கடந்தும் பணம் வராத பில்கள் அதில் இருந்தன, ஆனால் சனிக்கிழமை தோறும் 22 பேருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்த மனநிலையில்தான் நண்பர் ஒருவர் அவருடைய புத்தகத்தைக் கொடுத்தார். ஒன்றுமில்லாமல் தொடங்கிக் கோடீஸ்வரர் ஆனவர்களின் கதைகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. இரவில் தூக்கம் வராமல் கிடக்கும் ஒருவனுக்கு அவை எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பதை நான் மறுக்க மாட்டேன். கடைசிப் பக்கத்தில் கோவை அவினாசி சாலையில் உள்ள ஓட்டல் ஒன்றில் இலவசக் கூட்டம் நடப்பதாக அறிவிப்பு இருந்தது. போனேன்.

இலவசக் கூட்டம் முடிந்ததும் 2,999 ரூபாய்க்கு ஒருநாள் வகுப்பு என்றார்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய அந்த வகுப்பில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் வந்தது. நடுநடுவே பாட்டுப் போட்டு எல்லோரையும் எழுந்து ஆடச் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வருடம் கழித்து நம் குடும்பம் இருக்கப்போகும் வீட்டைக் கற்பனை செய்யச் சொன்னார்கள், பக்கத்தில் இருந்தவர் தேம்பி அழுதார், நானும் கண் கலங்கினேன். மாலை ஆறரை மணிக்கு அவர் மேடைக்கு வந்து, ஒரு வருடப் பயிற்சியின் உண்மையான கட்டணம் நான்கு லட்சம் என்றும், இன்று அரங்கை விட்டு வெளியேறுவதற்குள் சேருகிற 30 பேருக்கு மட்டும் ஒன்றரை லட்சம் என்றும் அறிவித்தார். பின்வரிசையிலிருந்து நான்கைந்து பேர் உடனே எழுந்து மேசையை நோக்கி ஓடினார்கள். அவர்களில் இருவர் ஏற்கெனவே அவரிடம் பயிற்சியில் இருப்பவர்கள் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மேசையில் இருந்த பெண்ணிடம், வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவர், "சார், முடிவெடுக்கத் தயங்குறதுதான் உங்க பிசினஸ் வளராததுக்குக் காரணம்னு இப்பத்தானே சொன்னாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். 50,000 ரூபாயைக் கார்டில் தேய்த்தேன். மீதிக்குத் தவணை போட்டுத் தருகிறோம் என்று என் கைபேசியை வாங்கி, ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் கேட்டுக்கேட்டு அவர்களே நிரப்பினார்கள், வந்த ஓ.டி.பி.யை நான் வாசித்துச் சொன்னேன். 1,27,000 ரூபாய்க்கு ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் கடன் எழுதப்பட்டிருக்கிறது என்பதும், பயிற்சியிலிருந்து நான் விலகினாலும் அந்தக் கடன் விலகாது என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சத்தம் போடவில்லை. "இந்தக் காசுக்கு மூணு ஓவர்லாக் மெஷின் வந்திருக்குமுங்களே" என்று மட்டும் சொன்னார்.

பயிற்சி என்பது வாரம் ஒருமுறை ஜூமில் 200 பேருக்கு மேல் கலந்துகொள்ளும் ஒன்றரை மணி நேரப் பேச்சு. தனித்தனியாக வழிகாட்டுவோம் என்று மேடையில் சொன்னது ஒரு வருடத்தில் எனக்கு இரண்டு முறை, இருபது நிமிடம் வீதம், கிடைத்தது. வரவேண்டிய பணம் கம்பெனிகளில் நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். பணத்தைப் பற்றி என் ஆழ்மனதில் இருக்கும் பயம்தான் பணத்தைத் தடுக்கிறது என்று சொல்லி, 21 நாள் காலையில் எழுந்ததும் வரவேண்டிய தொகையை நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன், ஒரு நாள்கூட விடவில்லை. அடுத்த முறை, ஜாப் ஒர்க் என்பது கூலிக்காரன் மனநிலை, சொந்த பிராண்ட் தொடங்குங்கள் என்றார். 2,30,000 ரூபாய் போட்டு 1,800 டி-ஷர்ட் தைத்தேன். அதை எங்கே, யார் மூலம், எத்தனை நாள் கடனில் விற்பது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் துணி வியாபாரம் செய்தவர் அல்லர். 1,100 பீஸ் இன்னும் என் குடோனில் அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது. பலன் இல்லையே என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது, நம்பிக்கையோடு செய்யாதவனுக்கு எதுவும் பலிக்காது என்று பதில் வந்தது, மறுநாள் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். வென்றவன் வென்றால் அது குருவின் பெருமை, தோற்றவன் தோற்றால் அது அவனுடைய நம்பிக்கைக் குறை என்று வைத்துக்கொண்டால் அந்த அறிவுரை என்றைக்குமே பொய்யாகாது, அதனால் அதைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

அவருடைய புத்தகத்தின் அட்டையில் ‘பெஸ்ட்செல்லர்’ என்று பொன்னிறத்தில் அச்சிட்டிருப்பார்கள். அவருடைய இரண்டாவது புத்தகம் வந்தபோது, குறிப்பிட்ட ஒரு நாளில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் ஆளுக்கு ஐந்து பிரதி அமேசானில் வாங்க வேண்டும் என்று குழுவில் செய்தி வந்தது. நானும் வாங்கினேன். அமேசானின் விற்பனைப் பட்டியல் அடிக்கடி மாறுவது, அதுவும் ஒவ்வொரு சிறு பிரிவுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஒரு சிறு பிரிவில் இரண்டு மணி நேரம் முதலிடத்தில் இருந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதைத்தான் அடுத்த அரங்குகளில் திரையில் காட்டினார்கள். இது இங்கே மட்டும் நடப்பதும் அன்று. 1995-இல் அமெரிக்காவில் இரண்டு நிர்வாக ஆலோசகர்கள் எழுதிய புத்தகத்தின் பிரதிகள், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் அதிகம் விற்கும் புத்தகங்களின் பட்டியலில் ஏறும்படியாகப் பல கடைகளில் மொத்தமாக வாங்கப்பட்டன என்று பிசினஸ்வீக் இதழ் வெளிப்படுத்தியது.

நேர்மையாக ஆராய்ந்து எழுதுபவர்களின் அறிவுரைக்கே ஆயுள் குறைவு என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் ஜிம் காலின்ஸ் 2001-இல் வெளியிட்ட ‘குட் டு கிரேட்’ புத்தகத்துக்காக ஆராய்ச்சிக் குழு ஒன்று பல வருடம் உழைத்து, சாதாரண நிலையிலிருந்து மாபெரும் வெற்றிக்கு உயர்ந்தவை என்று 11 நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றில் ஒன்றான, வீட்டுக்கடன் துறையைச் சேர்ந்த ஃபேனி மே 2008 செப்டம்பரில் அமெரிக்க அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மற்றொன்றான, மின்னணுப் பொருள் விற்கும் கடைகளை நடத்திய சர்க்யூட் சிட்டி அதே ஆண்டு நவம்பரில் திவால் மனு கொடுத்து, அடுத்த ஆண்டு தன் கடைகளையெல்லாம் மூடியது. ஜெயித்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து அவர்கள் செய்ததைப் பட்டியல் போட்டால், அதே காரியங்களைச் செய்து தோற்றவர்கள் எத்தனை பேர் என்பது வாசகனுக்குத் தெரியாமலே போகிறது. "கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு" என்று என் அம்மா சொல்வார்.

என் பிரச்சினைக்கான விடை மாவட்டத் தொழில் மையத்தில் இருந்தது. வேறு வேலையாகப் போனபோது அங்கிருந்த அலுவலர் ஒருவர் அரைமணி நேரம் செலவழித்து விளக்கினார். உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்த சிறு, குறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பணம் தராதவர்மீது புகார் செய்ய வசதியாக்க மன்றம் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. நல்லவேளையாக நான் உத்யம் பதிவை முன்பே செய்து வைத்திருந்தேன், அதற்குக் கட்டணமும் கிடையாது. புகார் கொடுத்து நோட்டீஸ் போனதும் ஒரு கம்பெனி 2,10,000 ரூபாயைக் கொடுத்துவிட்டது. மூன்று வருடமாக என் பையில் இருந்த சட்டத்தை விட்டுவிட்டு ஆழ்மனதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பயிற்சியில் சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் பின்பக்கத்தில் 11-ஆவது பத்தியைக் காட்டினார்கள். எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று அதில் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். படிவத்தில் ‘நோக்கம்: தொழில் விரிவாக்கம்’ என்று அவர்களே முன்கூட்டி அச்சிட்டிருந்ததை எடுத்துக்காட்டி, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுகிறார். அந்த ஒரு வரியை நான் கையெழுத்துப் போடும்போது பார்க்கவே இல்லை. கடன் தவணை பன்னிரண்டையும் கட்டி முடித்துவிட்டேன், கட்டாமல் விட்டால் சிபில் மதிப்பெண் கெட்டு வங்கியில் மெஷின் கடன் கிடைக்காமல் போகும் என்ற பயம்தான் காரணம்.

சென்ற வாரம் கரூரில் பெட்ஷீட் தொழில் செய்யும் நண்பர் கூப்பிட்டார். அதே புத்தகம், அதே ஓட்டல் கூட்டம், இன்று மாலைக்குள் சேர்ந்தால் சலுகை. அரங்கிலிருந்தே பேசினார். படிவத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கட்டணம் மட்டும் 1,80,000 ஆக ஏறியிருந்தது. நோக்கம் என்ற இடத்தில் அதே அச்சு, பின்பக்கத்தில் அதே 11-ஆவது பத்தி, ஒரு சொல்கூட மாறவில்லை. அவர் படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.