மடுவத்துத் தராசுக் கணக்கு: மியூடெக்ஸா, ஃபெட்ச் ஆடா, சிஏஎஸ்ஸா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு கொழுந்து மடுவத்தை, அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொட்டகையை, எடுத்துக்கொள்வோம். நாலு டிஜிட்டல் தராசு, ஒரு ராஸ்பெரி பை 4 (சின்னக் கணினி), தராசுக்கு ஒரு திரெட் (ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்தே ஓடும் தனி வேலை), எல்லாம் சேர்ந்து கூட்டுகிற ஒரே மொத்தக் கிலோ. மொத்தம் 412இல் நிற்கும்போது ஒரு திரெட் 18 கிலோவோடும் இன்னொன்று 15 கிலோவோடும் வருகின்றன. இரண்டுமே 412ஐப் படித்துவிட்டால் முதலாவது 430 என்று எழுதும், அடுத்தது அதன் மேலேயே 427 என்று எழுதிவிடும். 445 வரவேண்டிய இடத்தில் 18 கிலோ போச்சு, கணக்கப்பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

இதைத் தடுக்க மூன்று வழி: மியூடெக்ஸ், ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு (லாக்); ஃபெட்ச் ஆட், படித்துக் கூட்டி எழுதுவதை இடையில் யாரும் புக முடியாத ஒரே செயலாக்குவது; சிஏஎஸ் (காம்பேர் அண்ட் ஸ்வாப்), நாம் படித்த மதிப்பு இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் புதியதை எழுதுவது. "லாக் போட்டால் மெதுவாகிவிடும், சிஏஎஸ் போடு" என்று பொடியன்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பாதிதான் உண்மை. லினக்ஸில் மியூடெக்ஸை யாரும் பிடித்திருக்காவிட்டால் அதைப் பிடிப்பதே பெரும்பாலும் ஒரு காம்பேர் அண்ட் ஸ்வாப்தான், காத்திருக்க வேண்டி வந்தால்தான் ஃபியூடெக்ஸ் என்ற அழைப்பு வழியாகக் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) பக்கம் போகும். மூட்டை தராசில் ஏறி இறங்குகிற வேகத்துக்கு அந்தச் செலவெல்லாம் கண்ணிலேயே படாது.

வெறும் கூட்டலா? ஃபெட்ச் ஆட். அதோடு முடிந்தது.

சிஏஎஸ்ஸுக்கு இடம் வருவது, கூட்டுவதற்கு முன் ஒரு நிபந்தனை பார்க்க வேண்டியிருக்கும்போது. லாரியில் 3000 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வையுங்கள். ஃபெட்ச் ஆட் கூட்டிவிட்டுத்தான் பழைய எண்ணைச் சொல்லும், அதற்குள் வரம்பு தாண்டியிருக்கும். சிஏஎஸ்ஸில் பழைய மொத்தத்தைப் படித்து, கூட்டிப் பார்த்து, வரம்புக்குள் இருந்தால் "இன்னும் 412தானா? அப்படியென்றால் 430 ஆக்கு" என்று கேட்கிறோம். இடையில் யாராவது மாற்றியிருந்தால் தோற்கும், ஆனால் சி பிளஸ் பிளஸில் புது மதிப்பு நம் கைக்கே வந்துவிடுவதால் திரும்பப் படிக்காமல் லூப்பை இன்னொரு சுற்று விடலாம். வீக், ஸ்ட்ராங் என்று அது தரும் இரண்டு சிஏஎஸ் வகைகளில் லூப்புக்குள் வீக் வகையே போதும். பை 4இன் செயலியான கார்டெக்ஸ் ஏ72இல் சிஏஎஸ்ஸுக்கெனத் தனிக் கட்டளை கிடையாது, எக்ஸ்குளூசிவ் லோட் (படிப்பது), ஸ்டோர் (இடையில் யாரும் தொடாவிட்டால் மட்டும் எழுதுவது) ஜோடிதான். மதிப்பு மாறாமலேயே அந்த ஸ்டோர் சிலவேளை தோற்கும், வீக் அதை அப்படியே சொல்லிவிடும், ஸ்ட்ராங் உள்ளுக்குள்ளே இன்னொரு லூப் ஓட்டும். இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

எண்ணோடு நின்றால் சிஏஎஸ் சாது. பாயின்டரில் (நினைவக முகவரியில்) கை வைத்தால்தான் ஏபிஏ, அதாவது போய்விட்டுத் திரும்பிவந்த ஏ மாறாததுபோலவே தெரிகிற சிக்கல், தலைகாட்டும். ஸ்டாக் என்ற அடுக்கின் உச்சி ஏ, அடுத்தது பி என்று, ஏயை எடுக்க வந்த ஒரு திரெட் படித்துவிட்டுத் தூங்கிப்போகிறது. அதற்குள் மற்றவர்கள் ஏ, பி இரண்டையும் எடுத்து, பியின் நினைவகத்தை விடுவித்து, ஏயைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். எழுந்து பார்த்தால் உச்சியில் அதே ஏ, சிஏஎஸ் ஜெயிக்கிறது, இனி உச்சி விடுவிக்கப்பட்ட பி! பாயின்டரோடு ஒரு பதிப்பு எண்ணையும் சேர்த்து ஒப்பிட்டால் தப்பலாம், ஆனால் அதற்குப் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக மாற்றும் இரட்டை அகல சிஏஎஸ் வேண்டும்.

சிஏஎஸ் இருந்தால் எந்தத் தரவமைப்பையும் காத்திருப்பே இல்லாமல் கட்டலாம் என்று கணினி அறிவியலாளர் மாரிஸ் ஹெர்லிஹி 1991இலேயே நிரூபித்துவிட்டார், சரி. அதற்காக ஒரு ஆளின் கிலோ, மூட்டை எண்ணிக்கை, கடைசி நேரம் மூன்றும் ஒன்றாக மாற வேண்டிய இடத்தில் சிஏஎஸ்ஸோடு மல்லுக்கட்டுவானேன்? அங்கே மியூடெக்ஸ்தான்.

அப்புறம், மொத்தம் மட்டும் போதுமென்றால் தராசுக்கொரு கூட்டுத்தொகையைத் தனித்தனி கேஷ் லைனில் (செயலி ஒரே தடவையில் எடுக்கும் நினைவகத் துண்டில்) வைத்து, கேட்கும்போது கூட்டிக்கொள்வது மூன்றையும்விட மலிவு, லாரி வரம்பைத்தான் அது காக்காது.