கோல்கோ 13: பல வருட வாசிப்புக்குப் பிறகு

கோல்கோ 13 என்ற ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரை (மங்கா) அதன் நாயகனுக்காகப் படிக்க ஆரம்பிப்பவர்கள் நாலைந்து கதைகளிலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். நான் படிக்கக் கொடுத்த நண்பர்கள் சிலருக்கு அதுதான் நடந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆள் மாறுவதே இல்லை. சிரிக்க மாட்டான், யாரிடமும் மனம்விட்டுப் பேச மாட்டான், அவனுக்கு வயதும் ஏறாது. போன கதையில் வாங்கிய அடிக்கு இந்தக் கதையில் தழும்புகூட இருக்காது. அந்தத் தடித்த புருவமும் சுருட்டும் அரை நூற்றாண்டு தாண்டியும் அப்படியேதான் இருக்கின்றன. நான் இத்தனை வருடங்களாக இந்தத் தொடரை விடாமல் படிப்பது அவனைத் தேடி வருகிறவர்களுக்காக.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தகாவோ சாய்தோ உருவாக்கிய இந்த மங்கா, ஷோகாகுகான் நிறுவனத்தின் 'பிக் காமிக்' இதழில் 1968 அக்டோபரில் தொடங்கியது. இன்றும் வந்துகொண்டிருக்கிறது. மாதம் இரண்டு முறை வரும் இதழ் அது, பெரியவர்களுக்கானது. நாயகன் கோல்கோ ஒரு கூலிக்கொலையாளி. டியூக் தோகோ என்று ஒரு பெயர் சொல்லிக்கொள்வான், அது உண்மைப் பெயரா என்று யாருக்கும் தெரியாது. கையில் தனக்கேற்றபடி மாற்றியமைத்த எம்-16 துப்பாக்கி. முதுகுக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் யோசிக்காமல் அடித்துவிடுவான். யாருடனும் கைகுலுக்க மாட்டான். வலது கையை அடுத்தவரிடம் ஒப்படைப்பது அவன் தொழிலுக்கு ஒத்துவராது.

அவனைக் கூப்பிடும் முறைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. செய்தித்தாளில் 'ஜி-13 ரக டிராக்டர் தேவை' என்று விளம்பரம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வானொலியில் 13 ஆம் எண் துதிப்பாடலைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்புறம் எங்கோ ஒரு இருட்டு மூலையில் சந்திப்பு. வந்தவர் காரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். பொய் சொன்னாலோ எதையாவது மறைத்தாலோ துப்பாக்கி அவர் பக்கம் திரும்பும். பேச்சு முடிந்து பணம் கைமாறிய பிறகு இருவரும் மறுபடி சந்திக்கக் கூடாது. விதிகள் அவ்வளவுதான். இந்தச் சின்ன அடைப்புக்குள் சாய்தோவும் அவர் குழுவும் உலகத்தையே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

ஒரு கதையை எடுத்துச் சொன்னால்தான் இது புரியும். 1984 இல் வந்த '25,000 ஆண்டுகளின் பாழ்நிலம்'. ஆங்கிலப் பதிப்பில் 'வேஸ்ட்லேண்ட்' என்ற தலைப்பில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே ஒரு அணுமின் நிலையம். அதில் வேலை செய்யும் பொறியாளருக்கு ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, மேலே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிய வேண்டாம் என்று இருக்கிறார்கள். அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. எந்த மனிதனும் நெருங்க முடியாத இடத்தில் இருக்கும் ஒரு குழாயைத் தூரத்திலிருந்து துல்லியமாகச் சுட வேண்டும். அதற்காகத்தான் கோல்கோவைக் கூப்பிடுகிறார்கள். யாரையும் கொல்ல அல்ல, ஒரு ஊரைக் காப்பாற்ற. இந்தக் கதை வந்து ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து, 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை விபத்து. கணித்துச் சொன்னார்கள் என்று புல்லரித்துப்போக வேண்டியதில்லை. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் விபத்து 1979 லேயே நடந்துவிட்டது, பயம் அப்போதே காற்றில் இருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கதையின் பெரும்பகுதி அந்தப் பொறியாளருடையது. அவர் கோப்புகளோடு ஓடுவதும், கூட்டங்களில் வாயடைக்கப்படுவதும், கடைசியில் தானே உள்ளே இறங்குவதும்தான் கதை. கோல்கோ வருகிறான், படுக்கிறான், சுடுகிறான், போகிறான். படித்து முடித்த பிறகு மனதில் நிற்பது பொறியாளரின் முகம்தான்.

இந்த அமைப்பு கைவந்துவிட்டால் எந்தத் துறையையும் கதையாக்கலாம், ஆக்கியும் இருக்கிறார்கள். இராக்கின் ராட்சத பீரங்கித் திட்டம் ஒரு கதை. 2000 ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கைக் குழப்பம் இன்னொன்று. 1970 களிலேயே அவனை விண்வெளிக்கு அனுப்பி அங்கே சுட வைத்தார்கள், அது கொஞ்சம் ஓவர் என்றாலும் படிக்க ஜோர். நான் அதிகம் சிபாரிசு செய்யும் பழைய கதை ஒரு வயலின் கலைஞரைப் பற்றியது. மேடையில் தன் கருவியின் ஜி தந்தி அறுந்து மானம் போனவர் அவர். தன் போட்டியாளருக்கும் கச்சேரி நடுவே அதே தந்தி அறுந்துபோக வேண்டும் என்று கோல்கோவிடம் கேட்கிறார். ஆளைத் தொடக் கூடாது, தந்தி மட்டும். சுட்ட பிறகு என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கதைக்காகவே ஒருமுறை இந்தத் தொடருக்குள் நுழைந்து பார்க்கலாம். தோகோ என்ற பெயர் இருப்பதாலேயே கொலைகாரன் என்று தவறாக நினைக்கப்படும் ஒரு சாதாரண விற்பனைப் பிரதிநிதியின் கதையும் உண்டு. இந்தத் தொடரில் நான் சத்தமாகச் சிரித்தது அதில்தான்.

சாய்தோவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுக்கோப்பைப் புரிந்துகொள்ள முடியாது. 1936 இல் வாகயாமாவில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்பத்தின் முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்தார். 1955 இல் வாடகை நூலகங்களுக்கான காமிக்ஸில் அறிமுகம். பிறகு, பெரியவர்களுக்கான இறுக்கமான சித்திரக்கதைகள் வேண்டும் என்று கிளம்பிய 'கெகிகா' ஆட்களில் ஒருவர். 1960 களின் நடுவில் ஜேம்ஸ் பாண்ட் கதைகளை மங்காவாக வரைந்தார். ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வரலாம். கோல்கோவின் முகத்துக்கு முன்மாதிரி நடிகர் கென் தகாகுரா. 1973 இல் வந்த முதல் திரைப்படத்தில் கோல்கோவாக நடித்ததும் அவரேதான், அதுவும் ஈரானில் எடுத்த படம்.

மங்கா என்றால் ஒருவர் தூக்கம் கெட்டு உட்கார்ந்து வரைவது என்ற எண்ணம் நமக்கு உண்டு. சாய்தோ அதை ஏற்கவில்லை. திரைப்படம் எடுப்பதுபோல வேலையைப் பிரித்தார். கதை எழுத ஒருவர், பின்னணி வரைய ஒருவர், துப்பாக்கி, வாகனம் என்றால் அதில் கைதேர்ந்த ஒருவர். கோல்கோவின் முகம் சாய்தோ கையில். அத்தியாயங்களில் வேலை செய்தவர்களின் பெயர்ப்பட்டியலும் சினிமா மாதிரியே வரும். இதனால்தான் ஒரு கதை வங்கிகளின் உள்விவகாரம் தெரிந்தவர் எழுதியதுபோல இருக்கிறது, அடுத்தது எண்ணெய்க் கப்பலில் பிழைத்தவர் எழுதியதுபோல இருக்கிறது. 2020 மே மாதத்தில் கொரோனா காரணமாகத் தொடர் முதல்முறையாக நின்றதும் இதே காரணத்தால்தான். ஒரே அறையில் பலர் சேர்ந்து உட்கார்ந்து செய்யும் வேலை அது. அதற்கு முன் 51 வருடங்களுக்கு மேலாக ஒரு இதழ்கூடத் தவறவிடாமல் ஓடியிருந்தது.

சரி, இப்போது நடைமுறை விஷயம். ஜப்பானிய மொழி தெரிந்தவர்களுக்குக் கவலையில்லை, லீட் நிறுவனத்தின் தொகுதிகள் குவிந்து கிடக்கின்றன. 2021 ஜூலையில் 201 ஆவது தொகுதி வந்தபோது, ஒரே மங்கா தொடரில் அதிகத் தொகுதிகள் என்ற கின்னஸ் சாதனை 'கோச்சிகாமே'யிடமிருந்து இதற்கு மாறியது. என்னைப் போல ஆங்கிலத்தை நம்பியிருப்பவர்களுக்கு 'விஸ்' நிறுவனம் 2006 முதல் 2008 வரை கொண்டுவந்த பதிமூன்று தொகுதிகள்தான் முக்கியமான வழி. தேர்ந்தெடுத்த கதைகள் மட்டும். வழக்கமாக ஒரு தொகுதியில் இரண்டு கதைகள், ஒன்று நீளமானது, ஒன்று சின்னது. வெவ்வேறு பத்தாண்டுகளைச் சேர்ந்த கதைகளை அடுத்தடுத்து வைத்திருப்பதால் வரைகலை எப்படி மாறியது என்பதும் கண்ணுக்குத் தெரியும். பின்னால் இருக்கும் கட்டுரைகளைத் தாண்டிப் போகாதீர்கள், கதையின் காலப் பின்னணி அவற்றில்தான் இருக்கிறது.

எனக்கு அவை பழைய பிரதிகளாகத்தான் கிடைத்தன, அதுவும் ஒரே இடத்தில் அல்ல. ஒரு விற்பனையாளர் 'புதுசு போல' என்று அனுப்பிய தொகுதியின் முதுகு, பிரித்த அன்றைக்கே கையோடு வந்தது. அந்த வெறுப்பில் கொஞ்ச நாள் டேப்லெட்டில் படித்தேன். சின்னத் திரையில் இந்தத் தொடர் சரிப்படாது. இரண்டு பக்கம் விரியும் நகரக் காட்சிகளும், பேச்சே இல்லாமல் போகும் குறிபார்க்கும் பக்கங்களும் துண்டு துண்டாகிவிடுகின்றன. தாளில் படிக்க முடிந்தால் தாளிலேயே படியுங்கள். வலமிருந்து இடமாகப் போகும் பக்கங்கள் பழக ஒரு கதை போதும்.

வரிசை பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். நான் கண்ட அளவு: ஒரு நேரத்தில் ஒரு கதை, அப்புறம் சில நாள் இடைவெளி. தொடர்ந்து படித்தால் அச்சு தெரிந்துவிடும். ஆபத்து, இரகசியப் பேச்சுவார்த்தை, முடியவே முடியாத ஒரு குறி, ஒரே ஒரு தோட்டா. இதழில் மாதம் இரண்டு முறை வந்ததைத் தட்டு நிறைய லட்டு அடுக்கி வைத்ததுபோல ஒரே இரவில் விழுங்கினால் திகட்டத்தான் செய்யும்.

குறைகளுக்கு வருவோம். பெண்கள் விஷயத்தில் பழைய கதைகள் மோசம். படுக்கையில் இருப்பார்கள், இல்லையென்றால் பிணமாக இருப்பார்கள். பேசுவதற்கு வரி இருந்தால் அது அவனைப் பற்றியதாக இருக்கும். பிற்காலத்தில் பெண் விஞ்ஞானிகள், உளவாளிகள், நிர்வாகிகள் வருகிறார்கள், ஆனாலும் முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நாடுகளைக் காட்டுவதிலும் இதே சிக்கல்தான். அமெரிக்கர்களுக்கும் ரஷ்யர்களுக்கும் ஆளுக்கொரு குணம் இருக்கும். ஆப்பிரிக்காவுக்கோ மேற்காசியாவுக்கோ கதை போனால் சர்வாதிகாரியும் கூட்டமும் மட்டும்தான். இன்னொன்று, விளக்கப் பேச்சு. இரண்டு கோட்-சூட் ஆசாமிகள் மேசைக்கு இரு புறமும் உட்கார்ந்துகொண்டு, ஏற்கெனவே தங்களுக்குத் தெரிந்த பொருளாதாரத்தை ஒருவருக்கொருவர் பாடமெடுக்கும் பக்கங்கள். சில கதைகளில் அது பத்துப் பக்கத்துக்கு மேல் போகும். நான் அவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாண்டுவது உண்டு, பெரிதாக எதுவும் இழந்ததில்லை.

முதல் வருடக் கதைகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. அவற்றில் கோல்கோ நிறையப் பேசுவான், சிரிக்கவும் செய்வான், கேலியும் உண்டு. பாண்ட் வாசனை அப்போது போகவில்லை. போகப் போகத்தான் பேச்சுக்குமிழில் வெறும் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. அவன் எவ்வளவு காலியானானோ அவ்வளவுக்கு மற்றவர்கள் நிறைந்தார்கள். அவன் பிறப்பைப் பற்றிய கதைகளிலும் இதே உத்தி. ஒரு பத்திரிகையாளரோ துப்பறிவாளரோ அவன் யார் என்று தோண்டிக்கொண்டு போவார். ஜப்பானியனா, கலப்பினமா, எந்தக் குடும்பம் என்று ஒரு விடை கிட்டத்தட்டக் கையில் வரும். பிறகு ஆதாரம் எரிந்துபோகும், அல்லது ஆள் போய்விடுவார். வேறொரு கதையில் வேறொரு விடை. எது உண்மை என்று கடைசி வரை சொல்லவில்லை. சிலருக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரியலாம். எனக்கு அந்தக் கதைகள்தான் மறுவாசிப்பில் அதிகம் தாங்குகின்றன, ஏனென்றால் அவை தேடுகிறவரின் வெறியைப் பற்றியவை.

திரை வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1983 இல் ஒசாமு தெசாகி இயக்கிய அனிமே படம் கண்ணுக்கு விருந்து, கதையில் தேவையில்லாத குரூரம். அதில் வரும் கணினி வரைகலை ஹெலிகாப்டரை இன்று பார்த்தால் பாவமாக இருக்கும், அன்று அது புதுமை. 2008 இல் தொடங்கிய 50 பகுதித் தொலைக்காட்சித் தொடர் மங்காவுக்கு நெருக்கமானது, ஆனால் சப்பென்று இருக்கும்.

விசித்திரமான ஒன்றை மட்டும் விட மனமில்லை. 2016 ஜூலையில் டாக்கா உணவக பயங்கரவாதத் தாக்குதலில் ஜப்பானியர் ஏழு பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம், வெளிநாட்டில் வேலை செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பாதுகாப்புக் கையேட்டைக் கோல்கோவை வைத்தே வெளியிட்டது. வெளியுறவு அமைச்சரே அவனுக்கு வேலை கொடுக்கிறார். அவன் போய் நிறுவன அதிகாரிகளுக்கு, தினமும் ஒரே வழியில் ஒரே நேரத்தில் போகாதீர்கள் என்கிற மாதிரி அறிவுரை சொல்கிறான். ஒரு அரசாங்கம் கொலைகாரனைப் பாதுகாப்பு ஆலோசகராக வைப்பதைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பவனைவிடப் பொருத்தமான ஆள் யார் கிடைப்பார்?

சாய்தோ 2021 செப்டம்பர் 24 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார், வயது 84. தான் இல்லாவிட்டாலும் தொடர் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். கடைசிக் காட்சி ஆரம்பத்திலிருந்தே தன் மனதில் இருப்பதாக அவர் சொல்லி வந்தார். இப்போது அவரது தயாரிப்புக் குழுவும் இதழின் ஆசிரியர் குழுவும் நடத்துகிறார்கள். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் படைப்பாளி போன பிறகு நான் ஒதுங்கியிருப்பேன். இதில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதே இது பல கைகள் சேர்ந்து செய்த வேலை. உலகில் செய்திகள் இருக்கும்வரை அவனைத் தேடி வருபவர்களுக்கும் பஞ்சமிருக்காது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் விஸ் பதிப்பின் ஐந்தாம் தொகுதியை, அந்த அணுமின் நிலையக் கதை இருப்பதை, முதலில் தேடுங்கள். அது பிடிக்கவில்லை என்றால் மீதிப் பன்னிரண்டுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.