மழையில் பாறை ஏற: ரப்பர் சோலா, பி.யு. சோலா?

ஐப்பசி மழை விட்டதும் சமணர் மலைப் பாறையில் ஏறுகிறவர்கள் அடிப்பாகத்தை, அதாவது சோலைப் பார்த்துத்தான் பூட்ஸ் வாங்க வேண்டும். பி.யு. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை) சோல் எடை குறைவு, காலுக்கு மெத்தென்று இருக்கும். காய்ந்த தரைக்குச் சரி. ஈரப் பாறையில் பிடிப்பு போதாது. அழகர்மலைப் பாதையில் என் முட்டி பெயர்ந்தது அப்படித்தான். அப்புறம், வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் காற்றின் ஈரத்திலேயே பி.யு. பொடிந்து உதிரும்.

ரப்பர் கனம்தான். ஆனால் மென்மையான ரப்பர் கல்லின் சொரசொரப்புக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். கடையிலேயே நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் உள்வாங்க வேண்டும். சோலின் அடியில் துருத்தி நிற்கும் கட்டைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி இருந்தால் கண்மாய்க்கரைச் சேறும் அடைக்காது. என் காசு ரப்பருக்குத்தான். பச்சைப் பாசியில் மட்டும் அதுவும் வழுக்கும். அங்கே சுற்றியே போங்கள்.